நான் கலக்காத காபி

லக்ஷ்மிபாய் நகர், புது தில்லி
12-2-1979

அன்புள்ள அண்ணா,

விவாகரத்து என்று கோர்ட்டுக்குப் போய் மானத்தை வாங்காதே, பெரியவர்களை வைத்துப் பேசி முடி என்று எழுதியிருந்தாய். அப்படியே செய்தேன்.

நேற்று உன் சிநேகிதர் கல்யாணராமன் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். "நீ போய் காபி கலந்துண்டு வாம்மா. அதுக்குள்ள நாங்க பேசி முடிச்சுடறோம்" என்றார். "பேச வேண்டியவ நான், மாமா. காபியை அவர் கலக்கட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

நீ பார்த்து வைத்த மாப்பிள்ளை சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். கரோல்பாக்கில் அந்தப் பெண்ணின் வீட்டில் எது எங்கே என்று அவருக்குத் தெரியும். இங்கேதான் தெரியவில்லை.

குவார்ட்டர்ஸ் என் உத்தியோகத்துக்குக் கொடுத்தது, போவதானால் அவர்தான் போக வேண்டும் என்றேன். காபி வராமலே பேச்சு முடிந்தது. பிரிந்து போகச் சம்மதித்து அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இனி அவருக்கு எழுதுவதானால் கரோல்பாக் விலாசத்துக்கு எழுது.

உன் சொல்லைத் தட்டாத
தங்கை