சட்டிக்குள் டார்ச் அடித்தவன்

பிப்ரவரி 9

மகள் வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. இப்படி எழுதினால் ஏதோ ஓடிப்போன மாதிரி இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. நாலு பஸ் நிறுத்தம் தள்ளி, தோழியோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் போனாள். சொல்லிக்காட்டிவிட்டும் போனாள்.

காரணம் நான்தான். அவள் வேலை பார்க்கும் கட்டட வரைபட அலுவலகத்துக்குப் போன் போட்டு, "என் பொண்ணு மத்தியானம் சாப்பிட்டாளா?" என்று கேட்டேன். ஒரு தடவை கேட்டிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. வரவேற்பில் இருந்த பெண் பொறுக்கமாட்டாமல் அழைப்பை நேராக மீட்டிங் அறைக்குத் திருப்பிவிட்டாள். முதலாளியும் வாடிக்கையாளர்களும் சுற்றி உட்கார்ந்திருக்க, மேசை ஸ்பீக்கரில் என் குரல்: "பாப்பா, சாப்பிட்டியாம்மா?" அவளுக்கு வயது இருபத்தாறு.

போகிற அன்று ஒரு மீன்தொட்டியை வாங்கி வந்து முன்னறையில் வைத்தாள். உள்ளே குள்ள சிக்லிட் என்கிற வண்ணமீன் ஜோடி. விரல் நீளம்கூட இல்லை. "இனிமே இதுங்க சாப்பிட்டுச்சான்னு பாருங்கப்பா. என்னைக் கேக்காதீங்க. அந்த ஒரு கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றாள். தலையாட்டினேன். "யாரும் தொந்தரவு பண்ணலேன்னா தானாவே குஞ்சு பொரிக்குமாம். குஞ்சு நீந்த ஆரம்பிச்சதும் சொல்லுங்க. அன்னிக்கு வர்றேன்."

அதுவரை வரமாட்டாள் என்று அர்த்தம்.

இதில் என்ன கஷ்டம்? நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும். மனைவியிடம் அப்படியே சொன்னேன். "அதான் உங்களுக்கு வராதே" என்றாள்.

பிப்ரவரி 12

ஆணுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாயிற்று. ஆரஞ்சு வால், முதுகில் விறைத்து நிற்கும் துடுப்பு, எந்நேரமும் யாரோ போட்டோ எடுக்கிற மாதிரி ஒரு மிதப்பு. பெண்ணுக்கு அம்மணி. மாப்பிள்ளையில் பாதிதான் இருக்கும். சாம்பல் நிறம், வேலைக்குப் போய் வந்த முகம்.

தண்ணீரில் காய்ந்த இலைகளைப் போட்டு ஊறவிட்டால்தான் இவர்களுக்குப் பிடிக்குமாம். வண்ணமீன் கடையில் அதைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். மனைவி கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் தினம் வாசல்ல சருகு கூட்டித் தள்றேன். இவர் காசு குடுத்து வாங்கிட்டு வர்றாரு." தண்ணீர் இப்போது ஆறிப்போன டீ மாதிரி இருக்கிறது. அம்மணி ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மண்சட்டியைப் படுக்கவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 27

அம்மணி மஞ்சளாகிவிட்டாள்! நேற்றுவரை சாம்பல், இன்று எலுமிச்சை. கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. சட்டிக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறாள். மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றால் விலாவில் ஒரு முட்டு. முட்டையிட்டுவிட்டாள், சந்தேகமே இல்லை. சட்டியின் உள்கூரையில் ஒட்டி வைப்பாளாம்.

பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. பார்க்கக் கூடாது.

பிப்ரவரி 28

பார்த்துவிட்டேன்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க ஒரு டார்ச் உண்டு. அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இத்தனை வருடமாக ஊரார் கண்ணுக்குள் அடிக்கிற டார்ச், ஒரு சட்டிக்குள் அடித்தால் என்ன குடிமுழுகிவிடும்? சாய்ந்திருந்த கோணத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டு லேசாகத் தூக்கினேன். தெரிந்தது. குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, சிவப்புச் சிவப்பாக, நெருக்கி ஒட்டியிருந்தன. அத்தனை அழகு. பத்திரமாகத்தான் திரும்ப வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அம்மணியின் மஞ்சள் வெளுத்துக் கிடந்தது. மறுபடி தூக்கினேன். சட்டியின் கூரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"உங்க கையில சிக்கறதுக்கு நம்ம வயித்துலயே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டா" என்றாள் மனைவி.

மார்ச் 3

இன்று ஒரு வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரியில முட்டை தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் 10

மகள் தன் அம்மாவிடம் போனில் பேசினாள். நான் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வெங்காயம் நறுக்கி முடியவே இல்லை.

இருமினாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. வறட்டு இருமல். மருந்து சாப்பிட்டாளா என்று கேள் என மனைவிக்குக் கையால் சைகை காட்டினேன். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் மகள், "அப்பா சைகை பண்றாரா?" என்று கேட்டாளாம்.

போனில் எப்படித் தெரிகிறது இதெல்லாம்?

மார்ச் 21

மறுபடி மஞ்சள். இந்தத் தடவை டார்ச்சைத் தொடவில்லை. தொட்டியிலிருந்து ஐந்தடி தள்ளி நாற்காலி. என்னையே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 24

பொரித்துவிட்டன! இன்னும் நீந்தவில்லை. சட்டி வாசலில் மணலைக் குடைந்து ஒரு குழி வெட்டியிருக்கிறாள். அதற்குள் குவியலாகக் கிடந்து வாலை மட்டும் படபடவென்று ஆட்டுகின்றன. ஐந்தடி தூரத்தில் இருந்த நாற்காலி இப்போது அரையடியில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

நீந்த ஆரம்பித்ததும் மகளிடம் என்ன சொல்வது என்று கடையில் உட்கார்ந்து யோசித்தேன். "வந்துட்டாங்கம்மா" என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அதிகம்.

மார்ச் 26

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொட்டியைப் பார்த்தேன். அம்மணி குழிக்குள் குனிந்து குஞ்சை வாயில் அள்ளுகிறாள். ஒன்று. இன்னொன்று. கண்முன்னாலே தின்கிறாள்! குழி பாதி காலி. எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஐயோ இதையும் தின்னுட்டாளே, இதுவும் போச்சே, என் பொண்ணு வரமாட்டாளே — வாய்விட்டுத்தான் கத்தினேன். வலையைப் போட்டேன். சிக்கவில்லை. சட்டி உருண்டது, மணல் கலங்கியது. மூலையில் மடக்கிப் பிடித்து வாளியில் போட்டேன்.

வாளியின் அடியில் அவள் அசையாமல் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒரு குஞ்சு வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் சின்னக் கொத்தாக மிச்சம். எல்லாம் உயிரோடு, வால் துடிக்க.

அவள் தின்னவில்லை. இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தினம் மூஞ்சியைக் கொண்டுபோய் வைத்த இடத்திலிருந்து குழந்தைகளை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வலைக்குள் அப்படித் துள்ளினாளே, அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை.

பாவி, என்ன பண்ணிட்டேன். கண் பார்க்கிறதுதானேடா உன் தொழில்? நீ என்னத்தைப் பார்த்தே?

எல்லாரையும் திரும்பத் தொட்டியில் விட்டேன். பயனில்லை. அவள் பயந்துபோய் சட்டிக்குள் பதுங்கிவிட்டாள். சிதறிக் கிடந்தவற்றை மாப்பிள்ளை வந்து சாவகாசமாகப் பொறுக்கித் தின்றார்.

மனைவி பார்த்தாள். "அது எடம் மாத்திட்டிருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். கிண்டல் செய்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 2

வண்ணமீன் கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்குவதற்கில்லை, சும்மாதான். கடைக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இதே ஜாதிக் குஞ்சு நம்மகிட்டயே இருக்கு சார். எடுத்துட்டுப் போங்க. வீட்ல பொரிச்சதுன்னு சொல்லுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

வாங்கிவிட்டேன். பிளாஸ்டிக் பையோடு பஸ் நிறுத்தம்வரை வந்தேன். மகள் நாளைக்கே வந்துவிடுவாள். குனிந்து பார்ப்பாள், சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அம்மணி பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்ப்பாள்.

திரும்பப் போய்ப் பையைக் கொடுத்துவிட்டேன். ஒரு மீனுக்குப் பயந்து பொய்யைக் கைவிட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 15

மூன்றாவது தடவை மஞ்சள்.

கடையில் பார்சல் சுற்றும் பழுப்புக் காகிதத்தை எடுத்து வந்து தொட்டியின் நாலு பக்கமும் ஒட்டினேன். டார்ச்சை மனைவியிடம் ஒப்படைத்தேன். தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மாப்பிள்ளையை அம்மணி அடித்துத் துரத்தி வாலைக் கிழித்துவிட்டாள். அவரைத் தனியாக ஒரு சின்னத் தொட்டியில் விட்டிருக்கிறேன். இனி மேலிருந்து தீனி போடுவது மனைவியின் பொறுப்பு.

காகிதத்தில் காற்றுக்காக ஒரு சின்ன ஓட்டை விட்டிருந்தேன். கண்ணாடிக்குள் காற்று எப்படிப் போகும் என்று கேட்டு மனைவி அதையும் ஒட்டினாள்.

"நீங்களும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கமே இருங்க."

ஏப்ரல் 17

பார்க்கவில்லை.

ஏப்ரல் 19

பார்க்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். அது கணக்கில் வராது.

ஏப்ரல் 22

மனைவி தீனி போடும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்ததில் முகத்தைப் பூட்டி வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். சமையலறையில் உப்புத்தண்ணீர் பாட்டில் ஒன்று புதிதாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டால், "கடைக்காரர் குடுத்தார். தூசி மாதிரி குட்டி இறால் பொரியுமாம். உங்களுக்கு எதுக்கு?" என்கிறாள்.

குட்டி இறாலைத் தின்ன யாராவது இருந்தால்தானே? கேட்கவில்லை. கேட்கவில்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 26

காலையில் மனைவி கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்க. கையைப் பின்னால கட்டிக்குங்க."

காகிதத்தின் ஒரு மூலையைப் பிரித்தாள். மஞ்சள் அம்மணி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு கூட்டம், கண்ணும் வாலும் மட்டும் இருக்கிற பொடிப்பொடியான கூட்டம். நீந்துகிறது! என் நிழல் விழுந்ததும் அவள் துடுப்பை ஓர் அசைப்பு அசைத்தாள். அத்தனையும் ஒரே நொடியில் மணலில் படுத்துவிட்டன. நான் தரையில் முட்டி போட்டு அழுதேன். மனைவி காகிதத்தை மூடிவிட்டாள். "போதும். அதுங்களுக்குப் பயமா இருக்கும்."

மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: "வந்துட்டாங்கம்மா." பல தடவை எழுதி அழித்த பிறகு இதுதான் மிஞ்சியது.

ஏப்ரல் 27

வந்தாள்.

இளைத்திருக்கிறாள். எழுதத்தான் செய்கிறேன், சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் தட்டைப் பார்க்காமல் எதிர்ச் சுவரையே பார்த்துச் சாப்பிட்டேன். சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, இதுவரை கவனித்ததில்லை.

அப்புறம் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. "அப்பா, அந்த ஓரத்துல ஒண்ணு தனியா நிக்குது பாருங்க. அது சாப்பிடுதா?"

"தெரியலம்மா. அவங்க அம்மா பாத்துக்குவாங்க" என்றேன்.

மனைவி என்னை வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். மகளும்தான்.

ஜூலை 19

குஞ்சுகள் அரை விரல் அளவு வளர்ந்துவிட்டன. மகள் தன் வீட்டுக்கு ஆறு கேட்டாள். சின்னத் தொட்டி, சருகு, சட்டி சகிதம் கொடுத்தனுப்பினோம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரைத் திட்டிக்கொண்டே போனாளாம்.

ஜூலை 23

மகளின் தோழி மனைவிக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, இவ ஆபீஸ்லேர்ந்து ஒரு நாளைக்கு நாலு தடவை எனக்குப் போன் பண்ணி மீன் சாப்பிட்டுச்சான்னு கேக்கறா. எனக்கும் வேலை இருக்கு ஆன்ட்டி."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரொம்ப மும்முரமாக வெங்காயம் நறுக்கினேன்.

ஜூலை 27

ஞாயிற்றுக்கிழமை. கடையில் நல்ல கூட்டம். ஒருவருக்குச் சோதனைக் கண்ணாடியை மாட்டி வில்லையை மாற்றிக்கொண்டிருந்தபோது மகளின் போன். இன்றைக்கு இது மூன்றாவது.

"அப்பா, ஒண்ணு காலையிலேர்ந்து சட்டியை விட்டு வெளியவே வரல. சாப்பிட்டுச்சான்னே தெரியல. பயமா இருக்குப்பா. சட்டியைத் தூக்கிப் பாக்கட்டுமா?"

"தூக்காதே!" என்று போட்ட சத்தத்தில் நாற்காலியில் இருந்தவர் துள்ளி விழுந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குரலை இறக்கி, "விட்டுடும்மா. பசிச்சா தானா வரும்" என்றேன். "சரிப்பா" என்றாள். ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அப்போதுதான் நாக்கு சறுக்கியது.

"நீ சாப்பிட்டியா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் தொட்டியின் காற்றுக்குழாய் கொறகொறவென்று குமிழி விடுவது மட்டும் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இல்லப்பா" என்றாள். "அது வெளிய வந்து ஒரு வாய் சாப்பிடட்டும். அப்புறம் சாப்பிடறேன்."

"சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டு, அடுத்த வில்லையை எடுத்தேன்.