மலை தெரியும் வளைவு

14 ஜூலை 2025, திங்கள்

இன்றைக்குக் கடையில் அவித்த இட்லியில் பாதி மிச்சம். நாங்கள் தின்றது போக மீதியை மாட்டுக்கு வைத்தோம். இந்த ஊரிலேயே தினம் டிபன் சாப்பிடும் மாடு எங்களுடையதுதான்.

தை மாதம் புது ரோடு திறந்தார்கள். அன்றோடு எங்கள் ஏரிக்கரை ரோட்டில் வண்டி நின்றுபோனது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற வேனெல்லாம் அந்தப் பக்கம்தான் பறக்கிறது.

சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். “வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு கடை காலியாவுது. பேசி வெச்சிருக்கேன். போயிடலாம் அருணா.”

“கார்த்திகை தீபம் வரைக்கும் டைம் குடுங்க.”

“அதுக்குள்ள இன்னா ஆவப்போவுது?”

தெரியாது. ஆனால் ஏதாவது செய்வேன். என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம், இடது கைப்பக்கம் ஏரி. என் கடை இருக்கும் வளைவில் திரும்பினால் மலை முழுசாக எதிரே நிற்கும். திண்டிவனம் பக்கமிருந்து வருகிறவர்கள் அண்ணாமலையாரை முதன்முதலில் அடியிலிருந்து முடிவரை பார்ப்பது இங்கேதான். டிரைவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், வேனே கையெடுத்துக் கும்பிடும். புது ரோட்டில் இரண்டு பக்கமும் சுவர். சுவரையா கும்பிடுவார்கள்?

இதை விட்டுவிட்டு வேங்கிக்காலில் போய் ஷட்டர் தூக்க மாட்டேன்.

19 ஜூலை

வேன் டிரைவர்கள் சங்கத்துச் செயலாளர் வேடியப்பன் அண்ணன் டீ குடிக்க வந்தார். நேராகவே கேட்டேன், வண்டிகளை இந்த வழியாக விடச் சொல்லி.

“ரோட்டுல பாதி சின்னசாமி வேர்க்கடலை காயுது. மீதி பாதியில நாய் தூங்குது. வண்டிய எங்க தங்கச்சி ஓட்றது?”

உண்மைதானே.

22 ஜூலை

சின்னசாமியிடம் போனேன். “ரோடு சும்மா கெடக்குது, காய வெக்கறேன். உனுக்கு இன்னா வந்துச்சி?” என்றார். ஆத்திரமாக வந்தது. நாளைக்கும் போவேன்.

23 ஜூலை

போனேன். இன்று கத்தவில்லை. “வேற களம் இருந்தா நான் ஏம்மா ரோட்டுக்கு வரேன்?” என்றார். அதுவும் நியாயம்தான்.

ராஜமாணிக்கம் மாமாவின் ரைஸ்மில் மூடி வருஷக் கணக்காகிறது. அந்தக் களம் சும்மாதானே கிடக்கிறது?

2 ஆகஸ்ட்

நாலாவது நடையில் மாமா இறங்கி வந்தார். “களத்தைத் திறந்து விடறேன். ஆனா குடுத்தது யாருன்னு நாலு பேருக்குத் தெரியணும்மா. ஒரு சின்ன போர்டு.”

தாராளமா வையுங்க மாமா என்றேன். ஒரு போர்டு என்ன செய்துவிடும்? நம் ஊரில் டியூப் லைட் கொடுத்தாலும் அதன் மேலேயே பேர் எழுதித்தான் கொடுப்போம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கடை எதிரே புளியமரத்தடியில் கூட்டம். வருவார்களோ என்று பயந்தேன், வந்தார்கள். மகளிர் குழுத் தலைவி தமிழ்செல்வி, ரோட்டைப் பெருக்கிக் குப்பைக் கூடை வைப்பது தங்கள் பொறுப்பு என்றாள். பதிலுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடலை உருண்டை விற்க இடம் வேண்டுமாம். சின்னசாமி களத்துக்கு மாறிக்கொள்கிறார். “கக்கூஸ் இருந்தா லேடீஸ் பார்ட்டி இறங்கும்” என்றார் வேடியப்பன் அண்ணன். ஏரிக்கரைக் கழிப்பறையின் பூட்டைத் திறந்துவிடப் பஞ்சாயத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் வண்டி வரும் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

ஊர் கூடித் தேர் இழுக்கணும் என்பார்கள். இன்று வடத்தில் கை விழுந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

4 அக்டோபர்

டவுனில் மளிகை வாங்கிக்கொண்டு திரும்பினால் வளைவில் பேனர்.

மாமா சொன்ன சின்ன போர்டு, லாரியை விட உயரம். வெள்ளைச் சட்டையில் கைகூப்பி, பல் தெரியச் சிரிக்கிறார். வருக வருக. பக்கத்தில் டிரைவர்கள் சங்கம். அதற்குப் பக்கத்தில் மகளிர் குழு. கடைசியில் சின்னசாமியும் ஒன்று. அவர் என்ன கொடுத்தார்? ரோட்டை விட்டுக்கொடுத்தாராம்.

இவ்வளவு நீள ரோட்டில் ஏன் இங்கேயே? தமிழ்செல்வியைக் கேட்டேன். “இங்கதானேக்கா வண்டி ஸ்லோவாவும்? அப்பதானே படிப்பாங்க?”

ரோட்டில் நின்று பார்த்தேன். மாமாவின் தலைக்கு மேலே மலையின் நுனி மட்டும் தெரிகிறது, கிரீடம் வைத்த மாதிரி.

தேர் இழுக்கக் கூப்பிட்டால் ஆளாளுக்குத் தேர் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

5 அக்டோபர்

நாலு பேரிடமும் போனேன். நாலு பேரும் ஒரே பதில். “அவங்கள எடுக்கச் சொல்லு, நானும் எடுக்கறேன்.” மாமா மட்டும் அதோடு, “நீதானேம்மா ஒத்துக்கினே?” என்றார்.

ஒத்துக்கினேன். மலைய மறைக்கச் சொன்னேனா? இத்தினி மாசமா ஒவ்வொரு வாசலா ஏறி எறங்கனது இதுக்கா? பார்க்கவே ஒண்ணும் இல்லன்னா எவன் இந்த ரோட்டுக்கு வருவான்?

வேங்கிக்கால்காரர் போன் செய்தாராம். இவர் சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டார்.

6 அக்டோபர், பௌர்ணமி

வேன்கள் வந்தன. வேடியப்பன் அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். நான்தான் சந்தோஷப்படவில்லை.

மாமா சலவைச் சட்டையோடு என் கடை வாசலில் நாற்காலி போட்டு, தன் பேனரை ரசித்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் வேன் ஒன்று வேகத்தைக் குறைத்தது. “மலை வருது, கும்பிட்டுக்குங்க” என்று டிரைவர் பழக்கத்தில் குரல் கொடுத்தார். ஜன்னலோரத்தில் தூங்கி வழிந்த ஒரு அம்மா சட்டென்று கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்றார். எதிரே பேனரில் மாமா, பல் தெரிய. அந்த அம்மா கண்ணை நன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, “இவரு எந்த மடத்து சாமிங்க?” என்று கேட்டார்.

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த வேனிலும் அதே கும்பிடு. அதற்கடுத்த வேன் வந்தபோது மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னா மாமா?”

“என்னைக் கும்புடறாங்கம்மா.” குரல் உள்ளே போய்விட்டது. “அவரு முன்னாடி நான் நிக்கறேன். இது எனக்கு ஆவாது. நல்லதில்ல.”

ஏணி கேட்டார். ஆள் கூப்பிடட்டுமா என்றால் வேண்டாம் என்றார். அவரே ஏறிக் கயிற்றை அறுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

7 அக்டோபர்

மதியத்துக்குள் மற்ற பேனர்களும் இறங்கிவிட்டன. சின்னசாமி தன்னுடையதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு என் கடை பக்கம் பார்த்தார்.

“எல்லாம் சரி. உன் போர்டு?”

அருணாதேவி டிபன் சென்டர். கடை திறந்த வருஷம் இவர் எழுதி வாங்கி, ஏரிப் பக்கம் இரண்டு கம்பம் நட்டு மாட்டிய மஞ்சள் தகர போர்டு. கடை போர்டும் பேனரும் ஒன்றா என்று சண்டைக்குப் போனேன். அவர் சுருட்டிய பேனரோடு நடையைக் கட்டினார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

8 அக்டோபர்

அது வேறு. இது வேறு. வேறுதானே?

10 அக்டோபர்

வேன் வருகிற பக்கமாக நடந்துபோய்த் திரும்பி நின்றேன். என் போர்டு மலையின் இடது தோளையும் பாதி ஏரியையும் மறைக்கிறது. இந்த இடத்தில் நின்று இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். என் பேர் தெரிகிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

இவரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். கழற்றித் துடைத்துவிட்டு, “வேங்கிக்கால் கடைக்கு ஆவும்” என்றார். கிண்டலா என்று தெரியவில்லை. உள்ளே வையுங்க, பார்க்கலாம் என்றேன்.

5 நவம்பர், பௌர்ணமி

ஏரி நிரம்பிவிட்டது. மலை தண்ணீரிலும் தெரிகிறது. போன மாதத்தை விட வண்டி ஜாஸ்தி.

டிரைவர்கள் வளைவில் வாயாலேயே சொல்கிறார்கள். ரோட்டைப் பெருக்குவது இந்த ஊர்ப் பெண்கள், கடலை காயக் களம் கொடுத்தது ராஜமாணிக்கம், ரோட்டை விட்டது சின்னசாமி. வேடியப்பன் அண்ணனின் ஏற்பாடு. மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார். ஆனால் ஒரு வேனையும் விடுவதில்லை, எல்லாவற்றுக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

3 டிசம்பர், தீபம்

சாயங்காலம் கரை நெடுக ஜனம். மலை உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும் ஒரே குரலாக அரோகரா.

“போர்டு இல்லாத கடை இதானுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்து உட்காருகிறார்கள். டிரைவர்கள் அப்படித்தான் அடையாளம் சொல்லி அனுப்புகிறார்களாம்.

பாத்திரம் வைக்க இடம் போதவில்லை. இவர் உள்ளேயிருந்து அந்த மஞ்சள் போர்டைத் தூக்கிவந்து, இரண்டு கல்லின் மேல் கவிழ்த்துப் போட்டு, இட்லிப் பானையை அதன்மேல் இறக்கினார்.

“வேங்கிக்கால் கடைக்கு வேணுமே?” என்றேன்.

“அத வேணாம்னு போன மாசமே சொல்லிட்டேன். சட்னி எங்க வெச்சே?”

இன்று ஒரு இட்லி மிச்சமில்லை. மாட்டுக்கு வைக்கோல்தான். கத்திக்கொண்டிருக்கிறது.