அமலிக்கு இல்லாத நோய்

ஜூலை 6, ஞாயிறு

காற்று. மாடிக் கொடியில் ஒன்றும் நிற்கவில்லை. இவருடைய வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். பழனிசெட்டிபட்டி முழுக்கப் புழுதி. மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம்.

பூசைக்குப் போனேன், இவருக்காக. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் மாதா கோவிலுக்குள் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. சௌகரியம்.

மதியம் அமலியிடமிருந்து குரல் பதிவு. தான்சானியா போய் மூன்று வாரம் ஆகிறது. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி, படிக்கிற நான்கு பேர், சிஸ்டர்களின் மிஷன் நிலையத்தில், இரண்டு மாதம்.

"ம்மா, காலைல மணி அடிச்சதும் பூசை. அப்புறம் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்தணும். ஒரு வாண்டு என் சடையப் பிடிச்சுத் தொங்குது, நெஜ முடிதானான்னு. மத்த மூணு பேரும் பிக்கப்ல கிராமத்துக்குப் போயிட்டாக. நான் மட்டும் இங்கனயே கெடக்கேன். கிழங்கு உரிக்க உக்காந்தா கத்தியப் புடுங்கிக்கிடுறாக. கிணத்துப் பக்கம் போனா ஒரு ஆள் கூடவே வருது. கிராமத்துக்கே போகாம நான் என்ன ப்ராஜெக்ட் எழுத? லாயக்கில்லாதவன்னு முடிவு பண்ணிட்டாக போல. நான் என்னம்மா பண்ணேன்?"

இரண்டு முறை கேட்டேன். பதில் போட்டேன்: "வெயிலில் அலையாமல் இருப்பதும் நல்லதுதான்." பிறகு தோசைக்கு மாவு கரைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வகுப்பு இல்லை. விடைத்தாள் கட்டு மேசையில் அப்படியே.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

அவள் கிளம்பும் முன் லூர்து அக்காவுக்குப் போன் செய்தது நான்தான். அக்கா என் சின்னம்மா மகள், கன்னியாஸ்திரி, அந்த மிஷன் நிலையத்துக்குத் தலைவி. கேட்டது இவ்வளவுதான்: ஆறு, காட்டுப் பாதை, மோட்டார் பைக் என்று அமலியை அனுப்பாதீர்கள், வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"எதுக்குடி?"

வீசிங் என்றேன். அக்கா சிரித்தாள். "வீசிங் எனக்கே இருந்துச்சு. இங்கன வந்து நெஞ்சு தெளிஞ்சு போச்சு. வேற எதாச்சும் சொல்லு."

வேறு சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்தது என்று. அதைப் பற்றிப் பேசினாலே அவளுக்குப் பிடிக்காது, கேட்டுவிடாதீர்கள் என்று.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "ஆத்தாடி. சரி, சரி. ஒருத்தருக்கும் தெரியாம நான் பாத்துக்கிடுறேன்."

மிஷன் பயணமெல்லாம் படித்த பிள்ளைகளின் புண்ணியச் சுற்றுலா என்று ஆசிரியர் ஓய்வறையில் கிண்டல் செய்கிறவள் நான். எங்கள் கொள்ளுத்தாத்தாக்களைப் பார்த்துவிட்டு மிஷனுக்கு வந்த எந்த வெள்ளைக்காரப் பையன் வீட்டுக்கு என்ன எழுதினானோ என்று அமலியிடமே கேட்டிருக்கிறேன். ஆனால் பொய் சொன்னது கொள்கைக்காக இல்லை. வெறும் பயம். போனை வைத்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

சிலிண்டர் வரவில்லை. விடைத்தாள் பாதி முடிந்தது.

அமலியின் அறையில் இப்போது இன்னொரு பாய். நீமா என்ற பெண், மிஷன் அடுப்படியில் வேலை, அமலி வயதுதான்.

"நல்ல பிள்ளைம்மா. உகாலி கிண்டக் கத்துக் குடுத்தா. நம்ம களிதான், உப்புதான் போட மாட்டாக. ஆனா நான் புரண்டு படுத்தாலே எந்திரிச்சு உக்காந்துக்கிடுறா. டார்ச் அடிச்சு மூஞ்சியப் பாக்குறா! ஏண்டின்னு கேட்டா சிரிக்கிறா. அவ தம்பியும் இப்படித்தானாம், நல்லா இருப்பானாம், பயப்படாதேங்கிறா. எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

எனக்கு விளங்கியது. தொலைந்த வளையலைத் தேடுகிற மாதிரி அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன், இருட்டும் வரை.

ஜூலை 13, ஞாயிறு

அன்பியக் கூட்டம், தெருக் கத்தோலிக்கர்களின் ஜெபக் கூட்டம், இந்த வாரம் எங்கள் வீட்டில். சுண்டல், காபி, நாற்காலி இரவல். தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். பாட்டு, வாசகம் முடிந்து மன்றாட்டு. ஆளுக்கொன்று சொன்னார்கள்: மழைக்கு, திராட்சை விலைக்கு, ஒரு மருமகளின் பிரசவத்துக்கு. சின்னம்மா, லூர்து அக்காவின் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தாள்.

"நம்ம அமலிப் பிள்ளைக்கு முன்னால வந்த வலிப்பு நோய் அந்த ஆப்பிரிக்காவுல திரும்ப வராம இருக்க..."

எல்லோரும்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நானும் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கிளம்பும்போது பின்வீட்டு மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வலிப்பு வரும்போது இரும்புச் சாவி கையில குடுத்தீகளா டீச்சர்? வெளிய சொல்லிராதீக. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீக?"

நாற்காலி மடக்கிக்கொண்டே இவர், "அது என்ன வலிப்பு?"

"சின்னம்மா யாரையோ நினைச்சுக் குழப்பிக்கிட்டாங்க."

இரண்டாவது பொய். முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் முந்திக்கொண்டாள். "பேரைச் சொல்லாம ஜெபிங்கன்னுதான் அம்மாகிட்ட சொன்னேன். அவுகளுக்குப் பேரைச் சொல்லாட்டி ஜெபமே வராது. மனசுல வச்சுக்காதடி." மன்னிப்புக் கேட்டது அவள். நான் பரவாயில்லை என்றேன்.

ஜூலை 16, புதன்

மூன்றாவது வகுப்பில் இருக்கும்போது போன். லூர்து அக்கா. வராந்தாவுக்கு ஓடினேன்.

"பதறாத. அமலிக்கு மலேரியா. காய்ச்சல் கொதிக்குது. வலிப்பு வந்த பிள்ளைகளுக்குச் சில மருந்து குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுறாக. முன்னால என்ன மாத்திரை சாப்பிட்டா? எப்ப நிறுத்துனீக? சட்டுனு சொல்லு, பக்கத்துல நிக்கிறாக."

"அக்கா, அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை."

"என்னது?"

"நான் சொன்னது பொய். வந்ததே இல்லை."

அந்தப் பக்கம் யாரோ வாளியைக் கீழே வைக்கும் சத்தம். "சரி. டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாரேன்." வைத்துவிட்டாள்.

வகுப்புக்குத் திரும்பிப்போய்ப் பெரணிகளின் வாழ்க்கைச் சுழற்சியை முடித்தேன். எப்படி என்று தெரியவில்லை.

மாலை இவரிடம் சொன்னேன், அக்காவின் போனுக்குக் காத்திருந்தபோது. எடுத்த சாப்பாட்டுத் தட்டைத் திரும்ப வைத்தார். பிறகு, "சின்னம்மாவுக்கு வயசாகி மூளை குழம்பிருச்சுன்னுல்ல நெனச்சேன். பாவம் அவுக." அவ்வளவுதான். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தாளாம்.

அக்கா: "படிச்சவதானடி நீ? நாங்க ஒவ்வொருத்தரும் அந்தப் பிள்ளைய முட்டையத் தூக்குற மாதிரில்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சோம். அடுத்த வாரம் கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆனா நான் ஒண்ணும் அவகிட்டச் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

"சொல்லாமல் விட்டால்?"

"விடு. தேறிட்டேன், அதான் கூட்டிட்டுப் போறாகன்னு சந்தோசப்படுவா. உனக்கு வசதிதான்." கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஜூலை 19, சனி

காலையில் அமலியே கூப்பிட்டாள். குரல் தேறியிருக்கிறது. "ம்மா! கிராமத்துக்கு வரச் சொல்லிட்டாக! காய்ச்சல்ல கெடந்தும் அழுகல, தைரியமான பிள்ளைன்னு சிஸ்டர் சொன்னாகளாம்."

அப்படியே விட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். சொன்னேன். முழுவதும். வீசிங்கிலிருந்து மன்றாட்டு வரை.



"அப்ப நான் எதுலயும் குறைச்சல் இல்ல."

"இல்லம்மா."

"ஒரு மாசமா நான் என்னையவே திட்டிக்கிட்டிருந்தேன், தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும்.

"நீமாகிட்டயும் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா, வெக்கத்துல மறைக்கிறேன்னு நெனைப்பா. அவ தம்பிக்கு நெஜமாவே வலிப்பு. அதான் அவளை என்கூடப் படுக்க விட்டிருக்காக, அவளுக்குத்தான் பாத்துக்கத் தெரியும்னு. நாளைக்கு வீடியோ கால் போடுறேன். நீயே சொல்லு. நான் மொழிபெயர்க்கிறேன்."

ஜூலை 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இவர் தனியாகப் போனார், சின்னம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி.

நீமா மெலிந்த பெண், தலையில் மஞ்சள் துணி. கையில் மாவு. யாரோ பெரிய மனுஷி பேசப்போகிறாள் என்று துடைத்துக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு வணக்கம் வைத்தாள். அமலி கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

தமிழில் சொன்னேன். என் மகளுக்கு அந்த நோய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. அவளை வெளியே அனுப்பக் கூடாதென்று நான் பொய் சொன்னேன். அமலி தட்டுத்தடுமாறி அவர்கள் மொழியில் சொன்னாள். ஓர் இடத்தில் வார்த்தை தெரியாமல் கையால் காட்டினாள்.

நீமா அமலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள்.

"என்ன சொல்றா?"

"இனிமே ராத்திரி தூங்கலாமான்னு கேக்குறா, ம்மா."

"தூங்கச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. லாலா சலாமா, நிம்மதியாத் தூங்குன்னு அர்த்தம்."

சொன்னேன்.