கதவடியில் நீட்டிய மஞ்சள் அட்டை

சண்டை பிடிக்க ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் அப்பாவுக்கு,

டென்மார்க்கில், நம் ரண்டர்ஸ் வீட்டில் அம்மா சுகம். முழங்கால் நோவோடும் உங்கள் தக்காளிக் கன்றுகளை விடுகிறாரில்லை. எனக்கும் ஒரு செய்தி உண்டு. டேனிஷ் இராணுவத்தில் சட்ட ஆலோசகராக வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் வீரர்களுக்கு எது சட்டம், எது இல்லை என்று படிப்பிக்கும் வேலை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை.

காரணம் நீங்கள்தான், தெரியுமா?

பதினெட்டு வயதில் நான் ஆமியில் சேரப்போகிறேன் என்றதும் தலையில் கை வைத்தீர்கள். "சட்டம் படி பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? ஆமி என்னத்துக்கு?" நான் விட்டேனா? "இது இலங்கையிலை நீங்கள் கண்ட அந்த ஆமி இல்லையப்பா!" என்று கத்தினேன். பிறகு சட்டமும் படித்தேன், விடுமுறைகளில் ஆமிப் பயிற்சிக்குப் போய்ச் சீருடையும் போட்டேன். நீங்கள் சொந்தக்காரரிடம் "மகள் லோ படிக்கிறா" என்று சொல்லி, மிச்சப் பாதியை விழுங்கிவிடுவீர்கள். வீட்டுக்கு வருமுன் நான் காரிலேயே உடுப்பு மாற்றிவிடுவேன்.

ஒரேயொரு கார்த்திகைப் பின்னேரம் மறந்துபோனேன். நாலரைக்கே இருட்டிவிட்டது. சாவியில்லாமல் பெல் அடித்தேன். கதவைத் திறந்த நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பூட்ஸைத்தான் பார்த்தீர்கள். டொக்டரிடம் காட்டும் மஞ்சள் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தலைகுனிந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினீர்கள்.

ஊரில் சோதனைச் சாவடியில் உங்கள் தம்பியை, என் சித்தப்பாவை, ஆமி பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போன அன்றும் உங்கள் அடையாள அட்டையை இப்படித்தான் நீட்டினீர்களா?

"அப்பா, நான்தான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயிற்சியில் பழகிய கை, அட்டையை வாங்கிவிட்டது அப்பா! வாங்கிப் பார்த்துத் திருப்பியும் தந்தேன். பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம். தை மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது எந்தக் கதவின் பெல்லை அடித்தாலும் உள்ளே உங்கள் செருப்புச் சத்தம் வருகிறது. யாராவது பையிலிருந்து அட்டை எடுத்தால் உங்கள் விரல்கள் தெரிகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கீரை ஆய்ந்தபடியே சொன்னார்.

"அவருக்கு உன்னிலை கோவமில்லையடி. பிள்ளையிட்டையே அட்டையை நீட்டிப்போட்டனெண்டு ரெண்டு நாள் வெக்கப்பட்டவர். பிறகு சொன்னவர், 'தம்பியின்ரை அட்டையை வாங்கினவங்கள் திருப்பித் தரேல்லை. என்ரை பிள்ளை தந்தவள்' எண்டு."

ஐயோ அப்பா, இதை என்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா?

நான் அந்த வேலைக்குப் போகிறேன். ஒன்று மட்டும் சத்தியம். அட்டையைக் கேட்கும் முன் முகத்தைக் காட்டு, உன் பெயரைச் சொல் என்பதுதான் என்னிடம் வரும் ஒவ்வொரு வீரனும் முதலில் படிக்கும் பாடம். அன்று வாசலில் நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

நான்தான், அப்பா.
உங்கள் மகள் மைதிலி