பதினேழாவது ஜாடி

கொசாரெவோ, பல்கேரியா
அக்டோபர் 27

அன்பு மகள் நெவேனாவுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் குழந்தை கலினாவும் நலமாக இருக்க வேண்டும். ஒன்பது மாதமாக நீ போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

வலென்சியாவில் ஆரஞ்சு கட்டும் வேலையில் உனக்கு இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் கொடுக்கிறார்களாம். இங்கிருந்து ஸ்பெயினுக்குப் பஸ் ஓட்டும் மின்கோ சொன்னான். நீ என்னிடம் வாய் திறந்து கேட்கமாட்டாய், தெரியும். எனக்கும் சிக்கனத்தைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அதனால் அதையே சொல்கிறேன்.

கடைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போ. பசியோடு போனால் கை சும்மா இருக்காது. சந்தைக்கு மூடும் நேரத்தில் போனால், நசுங்கிய தக்காளியைக் கூடையோடு தள்ளிவிடுவார்கள். விழுதுக்கு அதுவே போதும். காய்ந்த ரொட்டியைத் தூக்கி எறியாதே. பாலில் நனைத்து, முட்டையில் தோய்த்துப் பொரித்துக் கொடு, கலினா இன்னொன்று கேட்பாள். பீன்ஸை முதல் நாளே ஊறவைத்துவிடு. கால் மணி நேரம் நன்றாகக் கொதித்ததும் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். உன் அம்மா செய்ததுதான். துணி துவைப்பதை மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போடு.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நான் எழுத உட்கார்ந்ததும் இதற்காக இல்லை.

போன வியாழக்கிழமை மின்கோ உன் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். இந்த ஊரில் எல்லோரும் பிள்ளைகளுக்குக் குடைமிளகாய் விழுதும் ஊறுகாயும் ஜாடி ஜாடியாக அனுப்புகிறார்கள். காலி ஜாடியைத் திருப்பிக் கேட்பதும் வழக்கம்தான். ஆனால் உள்நாட்டில், சோஃபியாவில் இருக்கும் பிள்ளையிடம் கேட்பார்கள். ஸ்பெயினில் இருக்கும் பிள்ளையிடம் ஆறு வருஷமாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். மின்கோ சொல்லிச் சிரித்தான்: "மாமா, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அஞ்சு தேசம் தாண்டிக் காலி ஜாடி ஏத்திட்டு வந்த டிரைவர் நான்தான்."

நானும் சிரித்தேன். உள்ளே கொண்டுபோய்ப் பிரித்த பிறகு சிரிப்பு வரவில்லை. பதினாறு ஜாடி. எல்லாவற்றையும் கழுவி, மூடி போட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்தாய். ஒரு வரி கடிதம் இல்லை. இத்தனை வருஷம் நான் நச்சரித்தும் ஒன்றுகூட அனுப்பாத பெண், இப்போது எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறாள் என்றால் அதற்கு அர்த்தம் புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

பதினேழாவது ஜாடி காலியாக இல்லை. உன் அம்மா ஸ்வேத்தா கடைசியாகப் போட்ட புளிப்புச் செர்ரி ஜாம். மேலே ஒட்டிய காகிதத்தில் அவள் கையெழுத்து. அவள் போன பிறகு மூன்று வருஷம் திறக்காமல் நிலவறையில் வைத்திருந்து, ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கலினாவின் தலைமாட்டில் வைத்தேனே, அதே ஜாடி. மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூடிகூடத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் மகளே.

ஜனவரியில் நடந்ததை ஒருமுறையாவது நானே சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் நம் ஊரில் எந்த வீட்டிலும் ஒரே அறையில்தான் அடுப்பு எரியும். மற்ற அறைகளைப் பூட்டிவிடுவார்கள். நானும் அடுப்பு எரிந்த சமையலறையிலேயே படுத்துக்கொண்டு, விடுமுறைக்கு வந்திருந்த உங்கள் இருவரையும் மாடிக்கு அனுப்பினேன். நீ மின்சாரக் கணப்பு ஒன்று வாங்கி வந்தாய். மறுநாள் நீ டவுனுக்குப் போயிருந்தபோது, மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மீட்டர் சுற்றுவதைப் பார்த்தேன். மேலே போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். என் கோட்டை அவள் மேல் போர்த்தினேன். அது போதும் என்றுதான் நினைத்தேன்.

அன்று ராத்திரியே அவளுக்கு மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஏற்கெனவே நெஞ்சில் சளி இருந்தது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒன்பது மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சத்தம் போடவில்லை. "அம்மா இருமினப்பவும் இப்படித்தான்ப்பா செஞ்சீங்க. கோட்டைப் போத்திவிட்டீங்க" என்று மட்டும் சொன்னாய். நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இப்படி மிச்சம் பிடித்துத்தான் உன்னை ஆளாக்கினேன் என்று எகிறினேன்.

நீ சொன்னது சரி. சமையலறைப் புகை ஒத்துக்கொள்ளாமல் உன் அம்மா பின்னறையில் படுத்திருந்தாள். அங்கே ஒரு சின்ன அடுப்பு வைக்கச் சொல்லிக் கேட்டாள். மே மாதம் விறகு விலை இறங்கும், அப்போது பார்க்கலாம் என்றேன். மே மாதம் விலை இறங்கியது. அவள் இல்லை. நல்ல நாளைக்கு என்று பெட்டியில் வைத்திருந்த புதுக் கம்பளியை அவள் ஒரு நாளும் போர்த்திக்கொள்ளவில்லை. ஒட்டுப்போட்டதையே போர்த்திக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் கம்பளி இப்போது உன் அறைக் கட்டிலில் இருக்கிறது. அங்கே அடுப்பும் வைத்துவிட்டேன். தினமும் மத்தியானம் ஏற்றுகிறேன். எதிர்வீட்டு கானா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன ஸ்டாமென், ரெண்டு புகைபோக்கியிலயும் புகை வருது? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மகள் வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். சொன்ன பிறகு அதை விட மனசில்லை, மறுநாளும் அதையே சொன்னேன்.

மேலே எழுதிய யோசனைகளில் கணப்பைப் பற்றி ஒன்றும் இல்லை, கவனித்திருப்பாய். குழந்தை தூங்கும் அறையில் மட்டும் எதையும் மிச்சம் பிடிக்காதே. அவளுக்கு இப்போதும் இருமல் வருகிறதா? அதை மட்டுமாவது மின்கோவிடம் சொல்லி அனுப்பு.

பதினாறு ஜாடியையும் நிரப்பிவிட்டேன். ஆனால் இந்த முறை பஸ்ஸில் ஏற்றப்போவதில்லை. பதினேழாவதை நேற்றுத் திறந்தேன். ஒரே ஒரு கரண்டி எடுத்தேன். புளிப்புக் கொஞ்சம் தூக்கல், உன் அம்மா கை அப்படித்தான். கடவுள் உன்னையும் குழந்தையின் நெஞ்சையும் காப்பாற்றட்டும். மீதி ஜாமை மூடி நிலவறையில் வைத்திருக்கிறேன். திறந்த ஜாடி வெகுநாள் தாங்காது, உனக்கே தெரியும்.

உன் அப்பா,
ஸ்டாமென்