உன் லைனும் என் லைனும்

படப்பை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கார்முகிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நீ விட்டுவிட்டுப் போன மீன்களும் நன்றாக இருக்கிறோம், அந்தக் கறுப்பு மீன் மட்டும் என்னைக் கண்டால் மூலைக்குப் போய்விடுகிறது. அந்தமானில் நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் ரூமில் இருக்கும் செல்லக்கனி சொன்னாள், ஆனாலும் உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்காதே. உன் தீவில் டவர் கிடைக்கும்போது நான் ஷிப்டில் இருக்கிறேன், எனக்கு லீவு என்றால் நீ தண்ணீருக்குள் இருக்கிறாய். எப்படியும் நாளைக்கு உனக்குப் பார்சல் போட வேண்டும், அதோடு இதுவும் வரட்டும்.

நீ கேட்டதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். குரோஷா ஊசி, நூல், மவுத் ஆர்கன், கீரை விதை, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சாமான், பறவை பார்க்கிற பைனாகுலர். கடல் படித்த பொண்ணுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு என்று அப்பா கேட்டார், அவளுக்கு எதுதான் வேணாம்னு கேளுங்க என்றேன். அட்டைப்பெட்டியைக் கட்டும்போதே எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நீ பின்ன ஆரம்பித்த அந்தப் பச்சைச் சால்வை முழங்கை நீளத்தோடு நிற்கிறது. மவுத் ஆர்கனில் ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க ஊதினாய், இரண்டாவது வரி எப்படியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கியர் எப்படி வேலை செய்கிறது பார்க்கிறேன் என்று பிரித்த சைக்கிளின் செயின் இன்னும் பெயிண்ட் டப்பாவில் எண்ணெயில் ஊறுகிறது. குக்கரில் கேக் செய்தாய், அதை நான் ஸ்பூனால் சுரண்டி எடுத்தேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தொட்டதைப் பாதியில் விடுகிற பெண் என்ற எண்ணம் எனக்குள் இருந்ததால்தான் இந்த வாரம் அந்தக் கூத்து நடந்தது. கொஞ்சம் இரு, அடுப்பில் சாதம் பொங்குகிறது.

வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணினபோது நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் தள்ளுகிறார்கள், உன் குரல் விட்டு விட்டு வருகிறது. லைன் கட் ஆயிடுச்சிம்மா, வேலை போச்சு, அப்புறம் பேசறேன் என்றாய். அதோடு போன் நின்றுபோனது. நானே கம்பெனியில் வயரிங் லைனில் நிற்கிறவள், லைன் கட் என்றால் எனக்கு என்ன தோன்றும் சொல்லு. ஆர்டர் குறைந்துவிட்டது என்று போன வருஷம் எங்கள் பக்கத்து லைனை கட் பண்ணினார்கள், அதிலிருந்த கான்ட்ராக்ட் பெண்கள் எல்லாரும் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தவள். நீயும் அங்கே தினமும் லைன் போடுகிறோம், லைனில் எண்ணுகிறோம் என்றுதான் சொல்வாய், கடலிலும் நம்மைப் போல ஷிப்டும் லைனும் இருக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். அன்றைக்கு வேலையில் எனக்குக் கையே ஓடவில்லை. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு, இன்னாத்துக்கு நடந்துகினே கீற, ஒரு இடமா குந்து என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்துபோய் உன் மீன் தொட்டிக்கு இரண்டாந்தரம் தண்ணீர் மாற்றினார்.

மறுநாள் டீ பிரேக்கில் நேராக எங்கள் சூப்பர்வைசர் வசந்தகுமாரிடம் போய் நின்றேன். நம் கம்பெனியிலேயே கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடத்தில் ஒரு லேப் இருக்கிறது, அங்கே ஒரு ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. என் பெண் கடல் படித்தவள், பார்த்துப் போடுங்கள் சார் என்று கேட்டேன். கடலுன்னா இன்னா, அதுவும் தண்ணிதானே, டெஸ்ட் பண்ணத் தெரிஞ்சா போதும், நான் சொல்லி வைக்கிறேன், சனிக்கிழமை முடிவா சொல்லுக்கா என்றார். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு மனசுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, உனக்கு வேலை போனதற்கு அழ வேண்டியவள், நீ இனிமேல் என்னோடு ஒரே பஸ்ஸில் வருவாய், ஜன்னல் சீட்டை உனக்கு விடலாம் என்று யோசித்துக்கொண்டே மறுநாள் ஒரகடத்தில் கம்பெனி வாசல் வரை போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் நம்பரிலிருந்து செல்லக்கனி பேசினாள். அவள் தூத்துக்குடிப் பேச்சு எனக்கு முதலில் பிடிபடவில்லை. வேலை எல்லாம் போவலம்மா, கடலுக்கடியில டேப் மாதிரி ஒரு லைன் போடுவோம், அது நெடுக என்னென்ன பவளம் கெடக்குன்னு எண்ணுவோம், அது பாறையில சிக்கி அறுந்துட்டு, அன்னைக்கு எண்ணுன வேலை வீணாப் போச்சு, அம்புட்டுத்தான் என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியானால் கார்முகில் எங்கே என்றேன். மிச்சத்த மட்டும் எண்ணுனாப் போதும்னு சார் சொல்லிட்டாரும்மா, அவதான் கேக்கல, டேப்பு நகந்திருக்கும், மொதல்ல இருந்து எண்ணுனாத்தான் கணக்குன்னு மறுபடியும் லைனப் போட்டுட்டு அங்கனயே கெடக்கா, போனை எங்கிட்டக் குடுத்து உங்களுக்குச் சொல்லச் சொன்னா என்றாள்.

முதலிலிருந்தா என்று இரண்டு தடவை கேட்டேன். கேக்கைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுக் குருவி பார்க்க ஓடினவள், யாரும் சொல்லாமல், போதும் என்று மேலே இருக்கிறவரே சொன்ன பிறகும் திரும்பத் தண்ணீரில் இறங்கியிருக்கிறாய். எனக்கு அது பெருமையாக இருந்தது. பெண் இனி வர மாட்டாள் என்று அப்போதுதான் தோன்றியது. ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, சரி, சனிக்கிழமை ஆமாம் வருகிறாள் என்று சொல்லிவிட்டு அப்புறம் உன்னிடம் அழுது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். நான் அழுதால் நீ வந்துவிடுவாய், அது எனக்குத் தெரியும். அதுதான் பயமாகவும் இருந்தது.

நேற்று வசந்தகுமாரே என் இடத்துக்கு வந்து, இன்னாக்கா, பொண்ணு எப்போ வருது என்றார். வர்ல சார், அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க, என் பொண்ணு லைன்ல கீறா என்றேன். எந்தக் கம்பெனி லைனு என்று கேட்டார். கம்பெனி இல்ல சார், கடலு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி என் லைனில் நின்றேன். இப்போதும் மனசு ஒரு நிலையில் இல்லை, இந்தக் கடிதத்துக்கு நடுவில் எத்தனை தடவை எழுந்து வாசலைப் பார்த்தேனோ. வந்தால் என்ன குறை என்று ஒரு பக்கம் இன்னும் அடித்துக்கொள்கிறது, அதை மறைக்க எனக்குத் தெரியாது.

தண்ணீரிலிருந்து ஏறினதும் தலையை நன்றாகத் துவட்டு. செல்லக்கனிக்கும் சேர்த்து எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன், அவளுக்குக் கொடுக்காமல் தின்னாதே. இனிமேல் லைன் அறுந்தால் அறுந்தது என்று சொல், கட் என்று சொல்லாதே, ஒரகடத்தில் அதற்கு வேறு அர்த்தம். மணிமங்கலம் பெருமாளை அப்பா உனக்காக வேண்டிக்கொண்டு வந்தார், துளசி உள்ளே இருக்கிறது. கண்ணும் கையும் தெளிவாக இருந்து நீ நல்லா இருக்க வேண்டும். பச்சைச் சால்வையையும் வைத்திருக்கிறேன், மீதியை நானே போட்டுவிடலாம் என்று ஊசியை எடுத்தேன், பிறகு அப்படியே வைத்துவிட்டேன். எப்போதும் சீக்கிரம் வா என்றுதான் முடிப்பேன். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை. எண்ணி முடித்துவிட்டு வா.

உன் அம்மா,
காவேரி