கால்கள் கேட்கவில்லை

அன்புள்ள லூர்து,

நேற்று சவுத் பரேடு ஓட்டலில், ஜாஸ் குழுவுக்கு முன்னால் நின்று முதன்முறையாகத் தனியாக சாக்ஸபோன் வாசித்தேன்! மெதுவான, உருக்கமான பாட்டு. மேடையை விட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சாவு ஊர்வலத்தில் வாசித்தே பழகிய கால்கள் கேட்குமா? கண்ணை மூடியதும் கிளம்பிவிட்டன. திறந்து பார்த்தால் மேசைகளுக்கு நடுவே நிற்கிறேன். தொலைந்தேன் என்று நினைத்தேன். ஒரே கைதட்டல்!

"சனிக்கிழமைக்கு சனிக்கிழமை இப்படியே நடந்துக்கினே வாசிப்பா" என்றார் மேனேஜர்.

உன் அப்பாவிடம் சொல். சாவு பேண்டுக்காரன் என்று அவர் திட்டியது பொய்யில்லை. அந்த நடைதான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது.

ஜன்னலோர மேசையில் யாரையும் உட்காரவிட வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மாரிக்குப்பத்தில் ரயிலேறி வந்துவிடு. உன்னைப் பார்த்தால் இந்தக் கால்கள் தானாக நின்றுவிடும்.

என்றும் உன்னவன்